ஒரே ஊரில் ஊன்றுவதா, ஊர் ஊராக மாறுவதா: இரண்டு டிஃபன்ஸ் பயிற்சியாளர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிஃபன்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) உதவிப் பயிற்சியாளர் தலைமைப் பயிற்சியாளராக உயர ஒரே பாதைதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 டிசம்பரில் இரண்டு பேர் அப்படி உயர்ந்தார்கள், வந்த வழி நேர் எதிர்.

பிரெண்ட் வெனபிள்ஸ் ஊன்றி நின்றவர். 1999 முதல் 2011 வரை ஓக்லஹோமா பல்கலைக்கழகம், அப்புறம் பத்து சீசன் கிளெம்சன் பல்கலைக்கழகம். அங்கே 2016, 2018 தேசியப் பட்டங்கள், ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். உதவியாளராகவே இவ்வளவு கிடைக்கும்போது அவசரம் எதற்கு? ஓக்லஹோமா தலைமைப் பொறுப்புக்கு அழைத்தபோது அவருக்கு 50 வயது.

டான் லானிங் மிசௌரியில் பள்ளிப் பயிற்சியாளராக இருந்தவர். 2011-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்ட் (பயிற்சிக் குழுவின் கடைசிப் படியில் இருக்கும் உதவியாளர்), பிறகு அரிசோனா ஸ்டேட், சாம் ஹூஸ்டன். அங்கே முழுநேரப் பயிற்சியாளராக இருந்தவர், 2015-இல் அலபாமாவில் மறுபடி கிராஜுவேட் அசிஸ்டன்டாகவே சேர்ந்தார், அதாவது சொற்பச் சம்பளத்துக்கு ஒரு படி கீழே இறங்கினார், அங்கே அப்போது தலைமைப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனிடம் கற்க வேண்டும் என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். பிறகு மெம்ஃபிஸ், ஜார்ஜியா. 2019-இல் டிஃபன்ஸ் முழுவதும் அவர் கையில். ஆரிகன் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தபோது வயது 35.

குடும்பத்துக்கு வெனபிள்ஸ் வழி நல்லது, ஆனால் நல்ல தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் அமைந்தால்தான் அது நடக்கும். பெயர் தெரியாமல் தொடங்குகிறவருக்கு லானிங் வழியையே சொல்வேன், வீடு மாற்றிக்கொண்டே இருக்கத் துணைவரும் சம்மதித்தால்.