ஒன்பது வருடமாக ஓடும் ஜிடிஎக்ஸ் 1060

2016 டிசம்பரில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு இன்றும் என் கணினியில்தான் இருக்கிறது. இடையில் மானிட்டர் மாறியது, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாறியது, ராம் இரட்டிப்பானது. கார்டு மட்டும் அதேதான்.

கடையில் அன்று 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு 1060 இருந்தன. பெயர் ஒன்றுதானே, மெமரி மட்டும்தான் வேறு என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. 6 ஜிபி கார்டில் கணக்குப் போடும் கூடா கோர்கள் 1280, 3 ஜிபியில் 1152. கூட வந்த நண்பன் காசை மிச்சம் பிடிக்க 3 ஜிபி எடுத்தான். முதல் இரண்டு வருடம் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் வந்த கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) ஹையில் வைத்தாலே அவனுடையது திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. கோர்கள் குறைந்ததைவிட மெமரி போதாததுதான் அவனைப் படுத்தியது. 2020இல் அவன் கார்டை மாற்றிவிட்டான்.

1060 வந்த பாஸ்கல் தலைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அது மின்சாரத்தைச் செலவழிக்கும் விதம். அதற்கு முந்தைய மேக்ஸ்வெல் தலைமுறைச் சிப்கள் 28 நானோமீட்டர் முறையில் செய்தவை. இந்த எண் குறைந்தால் பொதுவாக மின்செலவும் குறையும். பாஸ்கல் ஒரே தாவலில் 16க்கு வந்தது. மேக்ஸ்வெல் கார்டான ஜிடிஎக்ஸ் 980, 165 வாட்டில் கொடுத்த வேகத்தை, ஏறத்தாழ அப்படியே 120 வாட்டில் 1060 கொடுத்தது. என் கார்டுக்கு ஒரே ஒரு 6 பின் கேபிள் போதும். பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே வருடக்கணக்கில் ஓட்டினேன்.

ஒரே ஒரு முறை பயந்தேன். 2021 மே மாதம், ஏசி இல்லாத அறை. கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வெப்பம் 83 டிகிரியைத் தொடும், ஃபேன் இரையும், 1900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்த வேகம் 1700க்கு இறங்கும். சிப் கெட்டுப்போகவில்லை, 83 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கார்டைக் கழற்றி, பின்பக்கம் சிப்பைச் சுற்றியிருந்த நான்கு ஸ்க்ரூவை எடுத்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை மெதுவாகத் திருகித் தூக்கினேன். சிப்புக்கும் அதற்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. துடைத்துவிட்டு நடுவில் ஒரு பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தேன், ஹீட்சிங்க் இடுக்கில் அடைத்திருந்த தூசியை பிரஷ்ஷால் எடுத்தேன். அன்று மாலையே அதே கேமில் 72 டிகிரி. நம் ஊர் வெயிலுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்தே ஆக வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒளியை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கை 2019இல் டிரைவர் மென்பொருள் மூலமாகத் திறந்துவிட்டார்கள். அதற்கென்று தனி கோர்கள் இல்லாததால் ஒரு முறை போட்டுப் பார்த்து உடனே அணைத்துவிட்டேன். குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் கிடையாது. ஆனால் அதே மாதிரி வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இதிலும் வேலை செய்கிறது, இரண்டு வருடமாக அதுதான் கைகொடுக்கிறது. 2023இல் ஆலன் வேக் 2 வந்தபோதுதான் வயது உறைத்தது. அந்த கேம் எதிர்பார்க்கும் மெஷ் ஷேடர் (காட்சியின் வடிவங்களைச் சிப்பே வேகமாக உருவாக்கும் முறை) வசதி பாஸ்கலில் இல்லை. செட்டிங்கை எவ்வளவு இறக்கினாலும் இல்லாத ஒன்றைக் கொண்டுவர முடியாது.

பாஸ்கலுக்குப் புது கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். பழைய கேம்களுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் அது போதும், அதனால் இப்போதைக்குக் கழற்றவில்லை. இந்த வருடம் கார்டு பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கோர் எண்ணிக்கையை அப்புறம்தான் பார்ப்பேன். 12 ஜிபிக்குக் கீழே எடுப்பதாக இல்லை.