மாஸ்டர் பஸ்ஸில் ஒரு லௌட்னஸ் மீட்டர்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

வீட்டில் மிக்ஸிங் (ட்ராக்குகளைக் கலப்பது), மாஸ்டரிங் (வெளியிடும் முன் கடைசி மெருகு) செய்கிறவர்களில் பெரும்பாலோர் இன்று ஏதாவது ஒரு லௌட்னஸ் மீட்டரை, அதாவது காதுக்கு எவ்வளவு சத்தம் என்பதை எண்ணில் காட்டும் பிளக்கினை, எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டர் பஸ்ஸின் கடைசியில் போட்டு வைத்திருக்கிறோம். என்னிடம் இருப்பது யூலீன் லௌட்னஸ் மீட்டர், அதிலும் இலவசப் பதிப்பு. உங்களிடம் வேறு இருந்தாலும் பரவாயில்லை. இவை அத்தனையும் ஒரே விதிப்படிதான் அளக்கின்றன. ஒரே பாட்டைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அதனால் இதை ஒரு பிளக்கினின் விமர்சனமாகப் படிக்க வேண்டாம். அந்த அளவீட்டோடு சில வருடம் குடித்தனம் நடத்தியதில் எது உதவியது, எது உதவவில்லை என்பதுதான் விஷயம். சின்ன அறை, ஒரு ஜோடி நியர்ஃபீல்டு ஸ்பீக்கர், ஒரு ஹெட்ஃபோன். என் பட்டறை இவ்வளவுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்தில் தெரிகிற இன்டகிரேட்டட் எண்ணால் (முழுப் பாட்டின் சராசரி) எனக்குக் கிடைத்த பயன் ரொம்பக் கொஞ்சம். ஓரத்தில் சின்னதாக ஓடிக்கொண்டிருக்கும் ஷார்ட் டெர்ம் எண்ணும் (கடைசி 3 செகண்டின் சத்தம்), அதன் கோட்டுப்படமும்தான் நான் மிக்ஸ் செய்யும் விதத்தையே மாற்றின.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

இந்த மீட்டர்கள் காட்டும் அலகு லஃப்ஸ்: 0-க்குப் பக்கத்தில் வரவரச் சத்தம் அதிகம், ஒரு லஃப்ஸ் வித்தியாசம் ஒரு டெசிபல். அதற்குப் பின்னால் இருப்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற பரிந்துரை. பாட்டுக்காகப் பிறந்ததில்லை அது. ஒலிபரப்பில் நிகழ்ச்சி ஒரு சத்தத்திலும் விளம்பரம் இன்னொரு சத்தத்திலும் வந்து பார்க்கிறவர்களை ரிமோட்டைத் தேட வைத்ததே, அதற்கு மருந்தாக வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-இல் இந்த அளவை வைத்துத்தான் -23 லஃப்ஸ் என்ற இலக்கை வகுத்தார்கள்.

சிக்னல் முதலில் ஒரு ஃபில்டர் வழியாகப் போகும். அதில் ஆக அடிமட்ட பாஸ் குறைக்கப்படும். சுமார் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது 4 டெசிபல் வரை தூக்கப்படும். காது எதைச் சத்தமாக உணர்கிறது என்பதற்கு ஒரு தோராயம் அது. பிறகு கணக்கு. 400 மில்லிசெகண்ட் துண்டுக்கு வருவது மொமென்டரி, 3 செகண்டுக்கு வருவது ஷார்ட் டெர்ம், முழுப் பாட்டுக்கும் வருவது இன்டகிரேட்டட். இந்தக் கடைசி எண்ணில் மட்டும் ஒரு வாசற்கதவு உண்டு. -70 லஃப்ஸுக்குக் கீழே இருப்பதை முதலில் ஒதுக்கிவிடும். மிச்சத்தின் சராசரியை எடுத்து, அதைவிட 10 டெசிபலுக்கு மேல் தாழ்ந்த துண்டுகளையும் ஒதுக்கிவிட்டு, மறுபடி சராசரி போடும். தேர்வுக்கே வராதவர்களை விட்டுவிட்டு வகுப்புச் சராசரி போடுகிற மாதிரி.

தம்புராவும் குரலும் மட்டுமாக ஒரு நிமிடம் மெல்லத் தொடங்கி, பிறகு எல்லா வாத்தியமும் சேர்ந்துகொள்கிற பாட்டு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் நிமிடம் போதிய அளவு மெதுவாக இருந்தால் கணக்கிலேயே வராது. திரையில் தெரிவது நிறைந்த பகுதியின் எண். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தொடக்கம் கேட்கவே முடியாத அளவுக்குக் கீழே கிடப்பது தெரியாமலே போகும்.

-14 என்ற மாயம்

இணையத்தில் யாரைக் கேட்டாலும் '-14-க்கு மாஸ்டர் பண்ணு' என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஸ்பாட்டிஃபை தன் சாதாரண அமைப்பில் பாட்டை -14 லஃப்ஸுக்கு ஒட்டி ஒலிக்கவிடும் என்பது உண்மை. யூடியூபும் அந்த அளவை ஒட்டித்தான். ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் என்ற சத்தத்தைச் சமன்செய்யும் வசதியைப் போட்டிருந்தால் -16. ஆனால் இவை ஒலிக்கவிடும் அளவு. 'இப்படித்தான் கொண்டுவா' என்று போட்ட உத்தரவு இல்லை. -9-இல் மாஸ்டர் செய்த பாட்டைக் கொடுத்தால் வால்யூமை 5 டெசிபல் இறக்கிவிடும். அவ்வளவுதான், பாட்டு கெட்டுவிடாது. அது பாழாகியிருந்தால், உச்சம் ஓர் எல்லையைத் தாண்டாதபடி அமுக்கும் நம் லிமிட்டரில் ஏற்கெனவே பாழாகியிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு மாஸ்டர். ஒன்று -9 லஃப்ஸ், இன்னொன்று -14. இரண்டுக்கும் உச்சம் -1 டெசிபல். ஸ்பாட்டிஃபையில் இரண்டும் -14-இல் ஒலிக்கும்போது முதலாவதின் உச்சம் -6-க்கு இறங்கிவிடும், இரண்டாவதின் உச்சம் -1-லேயே நிற்கும். அதாவது இரண்டாவதின் தாளத்துக்கு 5 டெசிபல் கூடுதல் துள்ளல் உண்டு. சத்தமாகச் செய்ததால் வந்த லாபம் பறிபோய், அதற்குக் கொடுத்த விலை மட்டும் மிஞ்சியது. சத்தப் போட்டிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் இதுதான். வாதம் சரி. ஆனால் இதிலிருந்து 'எல்லாப் பாட்டும் -14' என்ற முடிவு எப்படி வரும்? டிஸ்டார்ஷன் கிட்டார் நிறைந்த பாட்டும், கனத்த எலெக்ட்ரானிக் பாட்டும் -8, -9-இல்தான் அதனதன் முகத்தோடு இருக்கும். அந்த நெரிசலே அவற்றின் அழகு. -14-க்குத் தளர்த்தினால் தொளதொளவென்று ஆகிவிடும். வீணையும் குரலும் மட்டும் என்றால் -16-இல் நிம்மதியாக நிற்கும்.

அப்படி மெதுவாக விட்டால் ஸ்பாட்டிஃபை தூக்கிக் கொடுக்கும் என்றும் முழுசாக நம்ப முடியாது. சாதாரண அமைப்பில் உச்சத்துக்கு மேலே 1 டெசிபல் இடம் விட்டுத்தான் தூக்கும். -18 லஃப்ஸில் இருக்கும் பாட்டின் உச்சம் -3 என்றால் 2 டெசிபல்தான் ஏறும், -16-இல் நின்றுவிடும். யூடியூபோ தூக்குவதே இல்லை, இறக்க மட்டும்தான் செய்யும். போதாக்குறைக்கு, கேட்பவர் இந்த வசதியையே அணைத்து வைத்திருக்கலாம். இத்தனை விதமான காதுகளை ஒரே எண்ணில் எப்படி அடைப்பது?

பல்லவி ஏன் எழவில்லை

மீட்டர் தன் சம்பளத்துக்கு உழைத்த இடம் இது. நண்பர் ஒருவர் கொடுத்த பாட்டு: குரல், அகௌஸ்டிக் கிட்டார், மிருதங்கம், பாஸ் கிட்டார், பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஒரு சிந்தசைசர் பேட். பல்லவிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் வாத்தியங்கள் சேருகின்றன, குரலும் மேல் ஸ்தாயிக்குப் போகிறது, ஆனாலும் பாட்டு எழவில்லை. தூங்கி வழிகிறது. 'பல்லவியை இன்னும் கொஞ்சம் ஏற்றேன்' என்கிறார்.

ஷார்ட் டெர்ம் கோட்டைப் பார்த்தால் சரணம் -11.5, பல்லவி -11. அரை டெசிபல்தான் வித்தியாசம். லிமிட்டரை அணைத்துவிட்டுப் பார்த்தால் அதே வித்தியாசம் 3 டெசிபலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிக்ஸில் இருந்த ஏற்றத்தை மாஸ்டர் லிமிட்டர் தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு கூரை. கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பல்லவியை இன்னும் தள்ளினால் மேலே போகாது, நசுங்கத்தான் செய்யும்.

காரணத்தைத் தேடியபோது மாட்டியது மிருதங்கம். தொப்பி என்னும் பாஸ் பக்கத்தில் அழுத்தி விழும் ஒவ்வொரு அடிக்கும் லிமிட்டரின் முள் 5, 6 டெசிபல் பாய்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த அடியோடு சேர்ந்து குரல் ஒரு கணம் உள்ளே இழுபட்டு, பிறகு மெல்ல வெளியே வருவது தெரிகிறது. மிருதங்கத்துக்காக லிமிட்டர் மொத்தப் பாட்டையும் அமுக்குகிறது. இதைப் பல்லவியின் வால்யூமை ஏற்றி யாரும் சரிசெய்ய முடியாது.

வைத்தியம் மாஸ்டரில் இல்லை, மிருதங்கத்தின் ட்ராக்கில் இருந்தது. 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உபயோகமில்லாமல் கிடந்த உறுமலை வெட்டினோம். லஃப்ஸ் கணக்கில் அந்தப் பகுதிக்கு மதிப்பே கிட்டத்தட்ட இல்லை, ஆனால் லிமிட்டருக்கு அது முழுச் சுமை. பிறகு ஒரு கிளிப்பர் போட்டு, அடியின் கூர்முனையில் மட்டும் 3 டெசிபல் சீவினோம். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மழுங்கியது தெரியும்; பாட்டுக்குள் தெரியவில்லை. வலப் பக்கத்தில் விழும் சாப்பு அடி அதே பளிச்சோடு இருந்தது. அதற்கப்புறம் சரணத்தில் கிட்டாரையும் பேடையும் ஒன்றரை டெசிபல் இறக்கினோம். பல்லவியைத் தொடவே இல்லை.

கடைசியில் லிமிட்டர் 2 டெசிபலுக்கு மேல் உழைக்கவில்லை. சரணம் -13.5, பல்லவி -11. பல்லவியின் எண் முன்பு இருந்த அதே எண்தான். ஆனால் இப்போது அது வரும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. 'ஏற்றிவிட்டாய் போல' என்றார் நண்பர். நான் மறுக்கவில்லை.

அரை டெசிபலின் சூழ்ச்சி

சத்தமான இடங்களை அமுக்கும் கம்ப்ரஸர் வாங்கியவர்கள் எல்லோரும் அனுபவித்திருப்பார்கள்: போட்டதும் பாட்டு 'உயிர் பெற்றது' மாதிரி இருக்கும். பாதி நேரம் அந்த உயிர், அமுக்கியதை ஈடுகட்ட ஏற்றும் மேக்கப் கெயின் கொடுத்த ஒன்றிரண்டு டெசிபல்தான். ஒரே ஒலியை இரண்டு முறை கொடுத்து, ஒன்றை அரை டெசிபல் ஏற்றிவைத்தால்கூடப் பலருக்கு ஏற்றியது 'நன்றாக' இருக்கும். 'சத்தமாக' இருக்கிறது என்று தோன்றாது. ஆகவே எந்த பிளக்கினையும் அணைத்துப் போட்டுப் பார்க்கும் முன், இரண்டு நிலையிலும் ஷார்ட் டெர்ம் எண் ஒன்றாக வரும்படி அவுட்புட்டைத் திருப்பி வைக்கிறேன். அப்புறமும் பிடித்திருந்தால் இருக்கட்டும். இந்தப் பழக்கம் வந்த பிறகு என் மாஸ்டர் செயினில் இருந்த பாதி பிளக்கின்கள் வேலையிழந்துவிட்டன.

கேட்கும் சத்தத்தையும் நிலையாக வைத்தாக வேண்டும். மெதுவாகக் கேட்டால் காதுக்கு பாஸும் உச்ச ட்ரெபிளும் குறைந்து தெரியும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டிய சங்கதி இது. இரவில் மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தால் பாஸை வாரி இறைப்போம். பெரிய அறைகளுக்குச் சொல்லப்படும் 83 டெசிபல் அளவு சின்ன அறையில் தாங்காது. நான் 74, 75-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். கைபேசி ஆப்பில் தோராயமாக அளந்து, வால்யூம் குமிழில் ஒரு கோடு போட்டாயிற்று. துல்லியத்தைவிட, தினமும் அதே கோட்டில் நிற்பதுதான் கணக்கு.

உச்சம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ட்ரூ பீக் -1-க்குக் கீழே இருக்கட்டும். சாம்பிள்களுக்கு (டிஜிட்டலில் பதிவான புள்ளிகளுக்கு) நடுவே அலை அவற்றைவிட மேலே எழக்கூடும்; அதையும் சேர்த்து அளப்பதுதான் ட்ரூ பீக். எம்பி3, ஏஏசி போன்ற சுருக்கத்துக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் எழும். -14-ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் -2 விடச் சொல்கிறது ஸ்பாட்டிஃபை. நான் எல்லாவற்றுக்கும் -1-ஓடு நிறுத்திக்கொள்கிறேன். சுருக்கிய ஃபைலைக் கேட்டு ஏதாவது கரகரத்தால் மட்டும் இறங்குவேன்.

மீட்டர் ஏமாற்றும் இடங்கள்

எல்ஆர்ஏ என்று ஓர் எண் இருக்கிறது, லௌட்னஸ் ரேஞ்ச். பலர் இதைத்தான் 'டைனமிக்ஸ்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஷார்ட் டெர்ம் அளவுகளில் ஆகக் கீழே உள்ள 10 சதவீதத்தையும் ஆக மேலே உள்ள 5 சதவீதத்தையும் விட்டு, நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல்வது அது. பகுதிக்குப் பகுதி உள்ள ஏற்ற இறக்கம். அடியின் துள்ளலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துளிகூட நசுக்காத, அறைகிற மாதிரி விழும் ஒரு ட்ரம் லூப்புக்கு எல்ஆர்ஏ 1 வரலாம். சரணத்தில் அடங்கி, பல்லவியில் செங்கல்லாக இறுகிப்போன பாட்டுக்கு 9 வரலாம். துள்ளலைத் தெரிந்துகொள்ள உச்சத்துக்கும் லௌட்னஸுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் அது 8-க்குக் கீழே போகும்போது தாள வாத்தியங்கள் அட்டையில் அடித்த மாதிரி ஆகத் தொடங்குகின்றன. எலெக்ட்ரானிக் ஒலிகள் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இன்னொன்று மோனோ. ஒரே குரலை ஒற்றைச் சானல் ஃபைலாக அளந்தால் ஓர் எண். அதே குரலை இரண்டு சானலிலும் சமமாக வைத்து அளந்தால் 3 டெசிபல் கூடுதல் எண். சில மீட்டர்கள் இதைச் சரிக்கட்ட ஒரு பொத்தான் வைத்திருக்கும், சிலவற்றில் இருக்காது. பேச்சுப் பதிவு செய்கிறவர்கள் கவனிக்கவும்.

கடைசியாக, நாலைந்து பாட்டை ஒரு தொகுப்பாக வெளியிடுகிறவர்களுக்கு. எல்லாவற்றையும் ஒரே இன்டகிரேட்டட் எண்ணுக்குக் கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் தாலாட்டு மாதிரியான பாட்டில் குரல், பக்கத்துக் குத்துப்பாட்டின் குரலைவிட ஓங்கி நிற்கும். அடுத்தடுத்து ஓடவிட்டு, குரல் ஒரே தூரத்தில் நிற்பதாகக் காதுக்குத் தோன்றும் வரை சரிசெய்யுங்கள். குத்துப்பாட்டு -10-லும் தாலாட்டு -15-லும் வந்து நின்றால் நிற்கட்டும். ஆல்பமாக வரிசையில் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை மொத்தத்துக்கும் ஒரே அளவில்தான் ஏற்றி இறக்கும், அந்த 5 டெசிபல் இடைவெளி கலையாது. ஷஃபிளிலோ பிளேலிஸ்டிலோ தனித்தனியாக அளக்கும்போது அது கலையும். அதனால் தாலாட்டின் உச்சத்தில் இடம் விட்டு வைக்கிறேன், தனியாக ஒலிக்கும்போது தேவைப்பட்ட அளவுக்கு அது ஏறிக்கொள்ளட்டும் என்று.