வெளுத்த கௌதிகளைச் சீர் செய்து தருபவர்: மூன்று போர்வைகளை வைத்து ஒரு மதிப்பீடு

பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்காக விரித்து, ஓட்டுத் தையலால் நெருக்கித் தைத்த போர்வையை வட கர்நாடகத்தில் கௌதி என்பார்கள். எங்கள் மாமியார் ஹூப்ளி ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது, வீடு வீடாக வந்து தைத்துக் கொடுக்கும் பெண்களை அழைத்துத் தம்முடைய நூல் புடவைகளைக் கொண்டே தைத்துக்கொண்ட மூன்று கௌதிகள் பின்னாளில் எங்களிடம் வந்து சேர்ந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புழங்கியதில் மூன்றுமே வெளுத்துவிட்டன. தூக்கிப் போடவும் மனம் வராமல், விருந்தினருக்கு விரிக்கவும் கூசிக்கொண்டிருந்த எனக்கு, பெங்களூரில் தம் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்துவரும் தார்வாடைச் சேர்ந்த பெண்மணி ஒருவரைத் தெரிந்தவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று கௌதிகளுக்கு மேல் தம்மால் எடுத்துக்கொள்ள இயலாது என்பதால் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவரிடம் போக முடியாவிட்டாலும், இத்தகைய வேலை செய்பவரிடம் எதைக் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம் உதவக்கூடும்.

நான் கேட்டது மறுசாயம். அவர் முடியாது என்றார். காரணம் கேட்டபோது கௌதியின் ஓரத்தைப் பிரித்து, வெயில் படாத உள்மடிப்பில் அரக்கும் பச்சையும் இன்னும் அப்படியே இருப்பதைக் காட்டினார். பல நிறத் துண்டுகள் சேர்ந்த போர்வையை ஒரே சாயத் தொட்டியில் முக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாகக் கலங்கித்தான் வெளிவரும் என்பதும், பருத்திக்குரிய சாயம் பாலியெஸ்டர் நூலில் ஏறாது என்பதால் அந்த நூலால் ஓட்டிய தையல்கள் வெள்ளைக் கோடுகளாகத் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதும் அவர் சொன்ன விளக்கம். வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்லும் தொழிலாளியை நம்பலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

அவர் கௌதியைப் பார்க்கும் விதம் தனி. நிறத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சன்னலில் தொங்கவிட்டு வெளிச்சம் எங்கெங்கே ஊடுருவுகிறது என்று குறித்துக்கொள்கிறார். பிறகு ஒவ்வொரு துண்டையும் இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பார்க்கிறார். முதல் கௌதி வெளுத்திருந்தாலும் இழை உறுதியாக இருந்ததால், அலசி, கரையை மட்டும் மாற்றினால் போதும் என்று 1,200 ரூபாயோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாவதில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் தொட்டாலே பொடிந்தன, பக்கத்திலிருந்த மஞ்சள் துண்டுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. கந்தகக் கறுப்புச் சாயம் ஏற்றிய பருத்தியில் நாளடைவில் அமிலம் உண்டாகி இழையை நலித்துவிடும். இங்கும் அதுவே நடந்திருக்க வேண்டும். அந்தக் கட்டங்களை வெட்டி எடுக்காமல், அதே அளவு நைந்த பழைய புடவைத் துண்டுகளை மேலே வைத்து அவர் தைத்தார். விறைப்பான புதுத்துணியை ஒட்டுப் போட்டால் அது சுற்றியுள்ள பழைய துணியை இழுத்துக் கிழித்துவிடும் என்பதால், இதற்கென்றே ஒரு மூட்டை பழம்புடவைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். மூன்று கௌதிகளில் மிக நேர்த்தியாக அமைந்த வேலை இதுதான். 2,600 ரூபாய் அதற்குத் தகும்.

மூன்றாவதை ஒட்டுப் போட்டு மீட்கும் நிலை கடந்துவிட்டது. இருபுறமும் ஒவ்வொரு நூல் புடவையைப் போர்த்தி, பழைய கௌதி முழுவதையும் உள்ளடுக்காக வைத்து மறுபடி தைத்துக் கொடுத்தார். வங்காளத்தின் காந்தாவிலும் நைந்த துணிதான் புதுப் போர்வையின் உள்ளுடம்பு ஆகிறது (காந்தா என்பதும் நம் கந்தை என்பதும் உறவுச் சொற்கள்). ஆனால் இங்கேதான் என் குறைகளும் தொடங்குகின்றன. என்னைக் கேட்காமல் பாலியெஸ்டர் நூலால் தைத்துவிட்டார். அது அறாது, உண்மைதான். ஆனால் இழுபடும்போது நூலுக்குப் பதிலாக நலிந்த பருத்தித் துணிதான் அறுபடும். அவிழ்த்துத் தைப்பதற்குத் துணி தாங்காது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். 3,400 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்தக் கௌதி இப்போது நனைந்தால் ஒருவர் தூக்க முடியாத கனமும் ஆகிவிட்டது. ஆறு வாரம் என்று சொல்லிப் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டதைக் கைவேலை என்று பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது சலவை. அரக்குத் துண்டு ஒன்றின் சாயம் இறங்கி, முதல் கௌதியின் புது வெள்ளைக் கரையில் கறையாகிவிட்டது. ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் சிறிது நேரம் அழுத்தி வைத்துப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். சலவையை நாமே செய்துவிட்டுத் தையலுக்கு மட்டும் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து: அகலமான தொட்டியில் பழைய வேட்டியின் மேல் கௌதியை விரித்து ஊறவைத்து, பிழியாமல் வேட்டியோடு சேர்த்தே தூக்கி, கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும்.

கறையைப் பற்றிச் சொன்னபோது, "அக்கா, கரையை மாற்றித் தருகிறேன்" என்று உடனே ஒப்புக்கொண்டு காசு வாங்காமலேயே மாற்றினார். நான்கு மூலைகளிலும், வட கன்னட மாவட்டத்து ஹளியாள் பக்கத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்னும் சமூகத்துப் பெண்கள் தங்கள் போர்வைகளுக்கு வைப்பதைப் போல, மடித்த வண்ணத்துணிப் பூவும் வைத்துக் கொடுத்தார். மாமியாரின் பெட்டியில் இன்னுமொரு சிறிய தொட்டில் கௌதி இருக்கிறது. அதையும் அவரிடமே கொடுக்கப் போகிறேன், வீட்டிலேயே அலசி, நான்கு பருத்தி நூல்கண்டுகளையும் சேர்த்துக் கட்டி.