மோர்மிளகாய் போடுகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் தட்டா, சில்வர் தட்டா?

ஐப்பசி பிறந்துவிட்டால் வன்னியில் வெயிலை நம்பிப் பாயில் எதையும் பரப்ப முடியாது. கோடையிலும் சோளகம் கிளம்பிவிட்டால் பாதி வற்றல், பாதி புழுதி. அதனால்தான் கரண்டில் உலர்த்தும் மெசினைத் தேடினோம். வீட்டில் இப்போது இருப்பது சில்வர் தட்டு வைத்த பெட்டி, அதனால் என் கதை அந்தப் பக்கம்தான் சாயும்.

வட்டத் தட்டுகளை அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் மெசின் மலிவு, பாரமும் இல்லை. பிளாஸ்டிக் என்றாலே நஞ்சு என்று நான் சொல்லமாட்டேன். எல்லோரும் பயப்படும் பிபிஏ என்ற இரசாயனம், பொலிகாபனேற் என்ற கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வருவது. குழந்தைகளின் பால்போத்தலில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே தடைசெய்துவிட்டது. தட்டைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பொலிபுரொப்பிலீன், அதில் பிபிஏ சேர்ப்பதில்லை. 7 என்றால் 'மற்றவை', பொலிகாபனேற்றும் அந்தக் கூட்டத்தில்தான். எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை மிளகாய் நெடி. பிளாஸ்டிக்கில் ஏறினால் இறங்காது, பிறகு பப்பாசி வைத்தாலும் உறைக்கும். விசிறி அடியில் இருக்கும் வகையென்றால் உப்பு மோர் நேரே சூட்டுக் கம்பிக்குள் சொட்டும்.

சரி, சில்வர் என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அதுவும் இல்லை. எல்லாம் உப்பில்தான் தெரியும். 304 என்ற ரகத்தில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மங்கனீசு போட்டிருப்பார்கள், அது உப்புக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது. இன்னும் மலிவானது வெறும் இரும்புக் கம்பிக்குக் குரோம் பூசியது. கம்பியும் கம்பியும் ஒட்டவைத்த முடிச்சுகளைப் பாருங்கள், பழுப்பு முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும். கடைக்காரர் உதிரித் தட்டு ஒன்று தந்தால் உப்பும் தயிரும் பூசி ஓர் இரவு விட்டுப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. அப்புறம், தட்டு மட்டும் சில்வராகவும் உள்சுவர் பிளாஸ்டிக்காகவும் இருக்கும் பெட்டிகள் உண்டு, கதவைத் திறந்து தட்டிப் பாருங்கள்.

நல்ல தட்டென்றாலும் உப்போடு ஊறவிடக்கூடாது, எடுத்தவுடன் கழுவ வேண்டும். தும்பு போதும். இரும்பு நாரால் தேய்த்தால் அந்தத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெள்ளையாய்ப் படிவதற்குப் பிழிந்த தேசிக்காய்ப் பாதி.

பலகையும் கண்ணாடியும் வைத்துச் செய்யும் வெயில் பெட்டியை நான் பாவித்ததில்லை, அயலில் பார்த்ததோடு சரி. கரண்டுக் காசு இல்லை, மாரியில் சும்மா கிடக்கும். செய்கிறவர்கள் துத்தநாகம் பூசிய கம்பிவலை மட்டும் போடவேண்டாம், புளிப்பும் உப்பும் பட்டால் பூச்சு கரைந்து சாப்பாட்டில் சேரும்.

கரண்டுக் கணக்கு கேட்பவர்களுக்கு: 500 வாற்று மெசின் 10 மணித்தியாலம் ஓடினால் கூடியது 5 யூனிட், சூடு விட்டுவிட்டு வருவதால் அதற்கும் குறையும். கனடாவிலிருந்து அனுப்புகிறோம் என்று சொந்தக்காரர் கேட்டால் அங்கே 120 வோல்ற்று, இங்கே 230 என்பதை முதலே சொல்லிவிடுங்கள். அவ்வளவு வாற்றுக்கு ஈடுகொடுக்கும் ட்ரான்ஸ்போர்மர் பாரமும் விலையும் கூடிய சாமான்.