பிங்க் சூட் போட்ட ஆளா இப்படி அழ வைக்கிறான்? ஜோஜியோட பாலட்ஸ் 1

யூடியூப்ல ஃபில்தி ஃபிராங்க்ங்கிற காமெடி வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், உடம்போட ஒட்டுன பிங்க் சூட் போட்டுக்கிட்டு கன்றாவியா கத்திட்டு இருந்த ஆளு, ஒசாகால பொறந்த ஜார்ஜ் மில்லர், 2017 கடைசில உடம்பு சரியில்ல, இஷ்டமும் இல்லன்னு யூடியூப மொத்தமா மூட்ட கட்டிட்டு ஜோஜின்னு பாட வந்துட்டாரு. 2018 அக்டோபர்ல வந்த அவரோட ஆல்பம்தான் இந்த 'பாலட்ஸ் 1', 12 பாட்டு, மொத்தமே ஒரு முப்பத்தஞ்சு நிமிஷம்தான்.

சுத்தமான இண்டி ராக்னு (பெரிய கம்பெனி சாராத கிட்டார் பாட்டு வகை) சொல்ல முடியாது, லோ-ஃபையும் (வேணும்னே கொஞ்சம் கரகரன்னு பதிவு பண்ற பாணி) ஆர் அண்ட் பியும் (கறுப்பின அமெரிக்கர்கள்கிட்ட இருந்து வந்த பாட்டு வகை) கலந்த சோகம். ஆனா 'வாண்டட் யூ'ல கிட்டார் மெதுவா ஏறி ஏறி வந்து அழற இடம் இருக்கே, ராத்திரி ஹெட்போன்ல கேளுங்க, அப்புறம் பேசலாம். 'ஸ்லோ டான்சிங் இன் த டார்க்'ல குரல் உச்சத்துக்குப் போகும்போது நெஞ்சு கொஞ்சம் பிசையுது, வீடியோல வேற முதுகுல அம்போட வெள்ளக் கோட்டு போட்டு தள்ளாடி நடப்பாரு (பழைய கோமாளித்தனம் முழுசா போகல போல).

நடுவுல சில பாட்டு பாதில விட்ட மாதிரி டக்குனு முடிஞ்சிடுது, அதான் கடுப்பு. அமெரிக்காவோட பில்போர்ட் பத்திரிகை போடற ஆர் அண்ட் பி/ஹிப்-ஹாப் ஆல்பம் லிஸ்ட்ல ஆசியால பொறந்த ஒருத்தர் முதல் இடத்துக்கு வந்தது இதுலதான் முதல் தடவ. என் மார்க் பத்துக்கு எட்டு.