ஹாங்சோ போகிறவர்கள் கவனத்துக்கு: மேற்கு ஏரிக்கரை '99 யுவான்' போட்டோ கடைகள்

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹாங்சோ. அதனால் சீனா போகும் நம்மவர்கள் பலர் மேற்கு ஏரியையும் பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஏரிக்கரையில் நுழைவுச் சீட்டே கிடையாது. 2002-இல் கரையோரப் பூங்காக்களின் வேலியைப் பிடுங்கிவிட்டு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். காசு போவது ஏரியில் இல்லை, அதை ஒட்டிய தெருக்களில்.

ஏரியில் 'உடைந்த பாலம்' என்றே பெயர் கொண்ட பாலத்துக்குப் போனால் பாதிப் பெண்கள் ஹான்ஃபு என்ற பழங்கால உடையில், கையில் எண்ணெய்க் காகிதக் குடையோடு நிற்பார்கள். வெள்ளைப் பாம்பு ஒன்று பெண்ணாக வந்து காதலனைச் சந்தித்தது அந்தப் பாலத்தில் என்பது கதை. பிற்பாடு அவளைச் சிறை வைத்தது தெற்குக் கரையில் தெரியும் லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில். (975-இல் எழுந்த அந்தக் கோபுரம் 1924-இல் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது 2002-இல் கட்டியது, உள்ளே எஸ்கலேட்டர் உண்டு!) கோபுரம் பின்னால் தெரிய, ஹான்ஃபு போட்டுக்கொண்டு ஒரு படம் வேண்டும் என்று எங்கள் மகளுக்கு ஆசை. ரீல்ஸ் பார்த்து வந்த ஆசைதான்.

பாலத்தருகே ஒரு பெண் அட்டை நீட்டினாள். உடை, மேக்கப், போட்டோகிராபர் எல்லாம் சேர்த்து 99 யுவான், அதாவது சுமார் 1,200 ரூபாய். எடுத்த படம் முழுக்கத் தருவோம் என்று மொழிபெயர்ப்புச் செயலியில் பேசிக் காட்டினாள்.

கடைக்குள் போனதும் கணக்கு வேறு. 99-க்கான உடைகள் ஓரத்தில் ஒரே ஒரு கம்பியில், சாயம் போய்த் தொங்கின. கொஞ்சம் பார்க்கும்படி இருந்தவை எல்லாம் 200-க்கு மேல். மேக்கப் இலவசம், ஆனால் 'சுத்தமான ஸ்பாஞ்ச்' 30. கொண்டைக்கான சவுரிக்குத் தனி. பாதி முகத்துக்கு மேக்கப் போட்ட பிறகுதான் இதெல்லாம் சொல்கிறார்கள். அந்த நிலையில் எந்தப் பிள்ளை எழுந்து வரும்?

போட்டோகிராபர் பையன் நன்றாகவே எடுத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஏரியின் குறுக்கே போகும் சூ கரையின் மரங்களுக்கு நடுவே நிறைய எடுத்தான். அதுவும் வியாபாரத் தந்திரம்தான். கடைக்குத் திரும்பியதும் கணினி முன் உட்கார வைத்தார்கள். 99-க்குள் வருவது மூன்று படம் மட்டும். அதற்கு மேல் ஒவ்வொன்றும் 40. மூலக் கோப்புகள் முழுதும் வேண்டுமானால் 800. வேண்டாம் என்றதும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "அப்படியென்றால் இப்போதே அழித்துவிடுவோம்" என்று செயலியில் காட்டினாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி அலைபேசியை நீட்டினாள். மொத்தம் 1,300 யுவானுக்கு மேல் போயிற்று. ஃபாபியாவ் என்கிற அதிகாரபூர்வ பில் கேட்டோம், மெஷின் ரிப்பேராம்.

கொஞ்சமாவது திரும்பி வந்ததற்குக் காரணம், அந்தச் செயலியில் "எல்லாப் படமும் தருவோம்" என்று அவள் பேசிய உரையாடலை மனைவி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததுதான். விடுதி வரவேற்பில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, நுகர்வோர் புகார் எண்ணான 12315-ஐத் தானே அழைத்துப் பேசினாள். சீனாவில் விலையை முன்கூட்டியே தெளிவாகக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. மறுநாள் கடைக்காரர்கள் பாதிப் பணத்தை அலிபே என்ற பணச் செயலியில் திருப்பி அனுப்பினார்கள். மீதி வரவில்லை.

உங்கள் வீட்டிலும் அந்த ஆசை இருந்தால், உடை, தலை அலங்காரம், திருத்திய படங்கள் எத்தனை, மூலக் கோப்பு உண்டா, கடைசித் தொகை எவ்வளவு என்று எல்லாவற்றையும் மேக்கப் நாற்காலியில் உட்காரும் முன்பே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள், பக்கத்திலேயே வேறு கடை இருக்கும். உடையை மட்டும் வாடகைக்கு எடுத்து, படத்தை நீங்களே எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. மாலை வெயிலில் அந்த ஏரி யார் எடுத்தாலும் அழகாகத்தான் விழும்.

படகிலும் ஒரு விஷயம். ஒரு யுவான் நோட்டின் பின்பக்கம் இருக்கும் மூன்று கல் விளக்குகள் ஏரியின் நடுவே, ஒரு தீவை ஒட்டி நிற்கின்றன. துடுப்புப் படகுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் "தீவுக்குப் போகும்" என்பார்கள். எங்கள் படகு தீவைத் தூரத்தில் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால், விலைப் பலகை வைத்த படகுத்துறையில் பெரிய படகுக்குச் சீட்டு எடுங்கள்.

இந்த ஊரின் பேர்பெற்ற பச்சைத் தேயிலையான லோங்ஜிங் டீ விஷயத்திலும் உஷார். பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி எங்களைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டாள். சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளுக்கு முன் கிள்ளிய இளந்தளிராம், அந்த வாரம்தான் பறித்ததாம். அந்த நாள் வருவது ஏப்ரல் 4 அல்லது 5-இல். நாங்கள் போயிருந்தது அக்டோபர் கடைசியில்.