ஞானஸ்நானம்: காலை ஆராதனையிலா, மதியம் தனியாகவா?

இங்கிலாந்துத் திருச்சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டால், பல ஆலயங்களில் இரண்டு வழி உண்டு: ஞாயிறு காலைப் பொது ஆராதனையின் நடுவே, இல்லையென்றால் மதியம் குடும்பத்தோடு தனியாக.

மதியம் வசதிதான். சீக்கிரம் முடியும், தூரத்து உறவினரும் வந்து சேரலாம். நெற்றியில் சிலுவை அடையாளம், தண்ணீர், ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் இரண்டிலும் ஒன்றே. இரண்டு வழியிலும் ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கிடையாது.

ஆனாலும் நான் காலையைத்தான் சொல்வேன். திருச்சபைச் சட்டமும் அதையே வழக்கமான முறையாக வைத்திருக்கிறது. இந்தக் குழந்தையை வரவேற்றுத் தாங்குவீர்களா என்று குருவானவர் கேட்பார். கடவுளின் துணையோடு செய்வோம் என்று கூடியிருப்பவர்கள் பதில் சொல்வார்கள். மதியம் அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் விருந்தினர். அடுத்த ஞாயிறு அங்கே இருக்க மாட்டார்கள். காலையில் சொல்வது சபை. அந்தப் பிள்ளையை ஞாயிறு பள்ளியில் பெயர் சொல்லிக் கூப்பிடப்போவது அவர்கள்தான்.